வெள்ளமும் காத்தும்: நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நீங்க கண்ணால பார்த்தது என்ன?

திருவட்டாறு:
மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு, அதான் ஆத்துக்கு மேல கால்வாய்த் தண்ணியைக் கொண்டுபோற பாலத்துக்கு, எங்க வீட்டிலேருந்து நடந்தே போயிரலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டா அங்கதான் கிடப்போம். 1966ல கட்டினது, 28 தூண், பறளியாத்துல இருந்து 115 அடி உயரம். பார்க்க வாறவங்க கீழ ஆத்தைத்தான் எட்டிப் பார்ப்பாங்க. எங்களுக்கு தொட்டிக்குள்ள ஓடுற வெள்ளம்தான் (தண்ணியை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) விளையாட்டு. ரெண்டு பலா இலை பறிச்சு ஒண்ணை நடுவுல போடணும், மத்ததைச் சுவரோரமா. நடுவுல போட்டவனே எப்பவும் ஜெயிப்பான். ஓரத்து இலை தோற்கிறதோட நிக்காது, சுத்திக்கிட்டே வேற வரும்.

பாலிடெக்னிக் படிக்கும்போதுதான் காரணம் தெரிஞ்சுது. சுவரைத் தொட்ட வெள்ளம் சுவரோடயே ஒட்டி நின்னுரும். அதுக்கு அடுத்தது கொஞ்சம் நகரும், அதுக்கும் அடுத்தது இன்னும் வேகமா. ஓரத்து இலையோட ஒரு பக்கத்தை மெதுவான வெள்ளம் பிடிச்சுக்குது, மறு பக்கத்தை வேகமான வெள்ளம் தள்ளுது. சுத்தாம என்ன செய்யும்? ஓரத்துலேருந்து நடுவுக்குப் போகப் போக வேகம் கூடுறதை வாத்தியார் போர்டுல வளைகோடா வரைஞ்சப்ப எனக்குத் தெரிஞ்சது தொட்டிப்பாலம்தான்.

நீங்க பார்த்ததையும் எழுதுங்க.

ஆரல்வாய்மொழி:
ஆடி மாசம் எங்க கணவாய் வழியா பைக் ஓட்டிப் பாருங்க அண்ணே. காத்துக்கு எதிரா வண்டியைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் நேரா ஓடும். பக்கத்துல ஒரு லாரி கடந்து காத்தை மறைச்சா, சாய்ச்ச பக்கமே வண்டி இழுத்துரும். அகலமா வாற தென்மேற்குக் காத்து ரெண்டு மலைக்கு நடுவுல நெருக்கி நுழையுறதால வர்ற வேகம் அது. வேகம் ரெண்டு மடங்கானா, ஒவ்வொரு வினாடியும் காத்து கொண்டுவாற ஆற்றல் எட்டு மடங்கு. முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நிக்கிறது சும்மாவா!

குளச்சல்:
எங்க அப்பா வள்ளக்காரர். ஒரு நாள் மத்தியானம், காத்தும் இல்ல மழையும் இல்ல, வானம் கண்ணாடி மாதிரி. கரையில கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர் திடீர்னு எழும்பி, "வள்ளத்தை மேல ஏத்துங்கலே"ன்னாரு. யாருக்கும் புரியல. ராத்திரி கடல் ரோட்டைத் தாண்டி வந்துட்டு. இப்படி கள்ளன் மாதிரி சொல்லாம ஏறி வாறதுதான் கள்ளக்கடல்.

அப்பா அலைக்கு அலை இடைவெளியை எண்ணியிருக்காரு. சாதாரணமா எட்டு, பத்து எண்ணுறதுக்குள்ள அடுத்தது வந்திரும். அன்னைக்குப் பதினெட்டு. புயல் இங்க இல்ல, எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால. அங்க கிளம்புற அலைகள்ல நீளமானதுதான் வேகமா ஓடும். 18 வினாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடல்ல மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. போகும், 9 வினாடி அலை அதுல பாதிதான். அதனால இடைவெளி கூடின அலைதான் முதல்ல கரைக்கு வந்து சேதி சொல்லும். மறுநாள் எண்ணினப்ப இடைவெளி குறைஞ்சிருந்தது, பின்னால வந்தவை நீளம் குறைஞ்ச அலைகள். கள்ளக்கடல்ங்கிற நம்ம கடற்கரைச் சொல்லை இப்போ கடலாய்வாளர்களும் அப்படியே எழுதுறாங்க. எனக்கு அதுல பெரிய சந்தோஷம்.

மணவாளக்குறிச்சி:
கடல் ஏறி அடிச்சு ஓய்ஞ்ச பிறகு எங்க கரையில கறுப்பு மண்ணு பட்டை பட்டையா கிடக்கும். பாட்டி முறத்துல உளுந்து புடைக்கும்போது "கடலும் இதத்தாம் மக்கா செய்யுது"ன்னு சொல்லும். அலை ஏறும்போது எல்லாத்தையும் வாரிக்கிட்டு வரும். இறங்கும்போது கொஞ்சம் வெள்ளம் மண்ணுக்குள்ள இறங்கிருது, மிச்சத்துக்கு இலேசான வெள்ளை மணலை இழுக்கத்தான் வலு உண்டு. கறுப்பு மண்ணுல உள்ள இல்மனைட்டுங்கிற தாது அதைவிட ஏறக்குறைய ஒண்ணேமுக்கால் மடங்கு கனம், அப்படியே தங்கிரும்.

திருவட்டாறு:
குளச்சல் தம்பி, எத்தனை அலை எண்ணினா முடிவு பண்ணலாம்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

குளச்சல்:
கேட்டேன் அண்ணே. குறைஞ்சது இருபது அலை எண்ணணுமாம். ஒண்ணு ரெண்டை வச்சு வள்ளத்தை ஏத்தச் சொன்னா, அடுத்த தடவை ஒருத்தனும் நம்ப மாட்டான்னு சொல்லுறாரு.