புதிதாக விட்ட க்ளவுன் மீன் ஜோடி: சின்னது உதறுகிறது, பெரியது மூலையில் சாய்ந்து மிதக்கிறது. உதவி தேவை

திருச்சி_தொட்டி
வணக்கம். நன்னீர் மீன் பத்து வருஷமாக வளர்க்கிறேன். உப்புத்தண்ணீரில் இதுதான் முதல் முயற்சி. 120 லிட்டர் தொட்டி, லைவ் ராக் (பாக்டீரியா வாழும் கடல் பாறை), ஒரு ஃபில்டர், தண்ணீரை ஓடவிட ஒரு வேவ்மேக்கர். பவளம் எதுவும் இல்லை. ஆறு வாரம் மீன் இல்லாமல், கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா வளர்வதற்காகத் தொட்டியை ஓடவிட்டேன். இன்று பார்த்ததில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, வெப்பம் 27 டிகிரி, உப்பு (ஒப்படர்த்தியில்) 1.025.

சனிக்கிழமை சென்னை கொளத்தூரில் இரண்டு ஒசெல்லாரிஸ் வகை க்ளவுன் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பையில் ஒன்பது மணி நேரம் இருந்திருக்கும். காலையில் பையை மிதக்கவிட்டு, அப்புறம் வாளியில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்துத்தான் விட்டேன்.

இன்று மூன்றாம் நாள். சின்ன மீன், பெரியதன் பக்கத்தில் போய் ஒருக்களித்துக்கொண்டு, ஷாக் அடித்தது போல் இரண்டு மூன்று விநாடி உதறுகிறது. பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி நீந்துகிறது. பெரியது விளக்கை அணைத்ததும் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மேலே போய்ச் சாய்ந்து கிடக்கிறது. விரல் காட்டினால் நகர்கிறது. இரண்டுமே பெல்லட் தீனியை வாயில் வாங்கித் துப்பிவிடுகின்றன. மூச்சும் வேகமாக இருப்பது போல் படுகிறது. வீட்டம்மா பார்த்துவிட்டு "வலிப்பு வந்திருக்கு போல" என்கிறாள். நன்னீர் மீனுக்கு வாங்கிய நீல மருந்து இருக்கிறது, ஊற்றலாமா?

உப்புக்காத்து
முதலில் அந்த பாட்டிலை அலமாரியில் வையுங்கள் அண்ணா. நீல மருந்தை மெயின் தொட்டியில் ஊற்றினால், ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

உதறல் வலிப்பு இல்லை. க்ளவுன் மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஒரு கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் பண்ணுவதும் எதுவோ அது பெண்ணாக மாறும். சின்னது உதறிக் காட்டினால், "நீதான் பெரியவள், நான் சண்டைக்கு வரவில்லை" என்று அர்த்தம். இரண்டும் மாறி மாறிக் கடித்துக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் ஜோடிக்குள் பஞ்சாயத்து முடிந்துவிட்டது.

மூலையில் சாய்ந்து தூங்குவதும் க்ளவுனின் வழக்கம்தான். கடலில் அனிமோன் என்ற பூ மாதிரி உயிரினத்தின் மடியில் படுக்கிற மீன், இங்கே கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொள்ளும்.

நிமோ_அப்பா
எங்கள் வீட்டில் ஒன்று, மல்லாக்கப் படுத்துத் தூங்கும். முதல் நாள் செத்துவிட்டது என்று நினைத்து வலையை எடுத்துக்கொண்டு போனேன். முறைத்துவிட்டு நகர்ந்துகொண்டது.

பாம்பன்_கரை
உதறலையும் தூக்கத்தையும் விடுங்கள். என்னை யோசிக்க வைப்பது மூச்சும், சாப்பிடாததும். "வேகமாக இருப்பது போல்" என்றால் போதாது, எண்ணிச் சொல்லுங்கள். போனில் 30 விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி, செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று பாருங்கள்.

கூடவே டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உடம்பைக் கவனியுங்கள். தோல் உரிந்தது போல் வெள்ளைச் சளி தெரிந்தால் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. புதிதாக வந்த க்ளவுனை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். மஞ்சள் தூள் தூவியது போல் இருந்தால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், அதுவும் அவசரம்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் பார்க்காமல் மருந்து ஊற்றக் கூடாது.

கடலில் பிடித்ததா, குஞ்சு பொரித்து வளர்த்ததா? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் என்று நம் பக்கத்திலேயே க்ளவுன் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். வளர்ப்பு மீனுக்குப் பொதுவாக நோய்த் தொல்லை குறைவு.

இன்னொன்று: கடைத் தொட்டியில் உப்பு எவ்வளவு என்று கேட்டீர்களா?

திருச்சி_தொட்டி
எண்ணினேன். பெரியது நிமிடத்துக்கு 130, சின்னது 96. சளி இல்லை, தூள் இல்லை, கண் தெளிவாக இருக்கிறது. வளர்ப்பு மீன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கடைக்குப் போன் போட்டேன். அவர்கள் தொட்டியில் உப்பு 1.018 என்று சாதாரணமாகச் சொல்கிறார். வாங்கும்போது இதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

பாம்பன்_கரை
காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணியும் அடங்கும் என்று பல கடைகளில் குறைத்துத்தான் வைப்பார்கள். தப்பில்லை, ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடல் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் எப்போதும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளும். 1.018-இலிருந்து 1.025-க்கு இரண்டே மணி நேரத்தில் ஏற்றினால் அந்த வேலை திடீரென்று கூடிவிடும். உப்பு குறைவதை மீன் எளிதாகத் தாங்கும். ஏறுவதற்குத்தான் நாள் கணக்கில் அவகாசம் வேண்டும்.

சொட்டு முறையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் கட்டிய பையில் மீன் விட்ட மூச்சால் பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் பைத் தண்ணீரில் உள்ள அம்மோனியா பெரிதாகக் கடிக்காது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். நீங்கள் அதிலேயே இரண்டு மணி நேரம் வைத்திருந்தீர்கள். தூரத்திலிருந்து வருகிற மீனுக்கு, தனித் தொட்டியில் கடை உப்பு அளவையே முன்கூட்டித் தயார் செய்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுவதுதான் நல்லது.

உப்புக்காத்து
சொட்டு முறையில் நான் இதுவரை ஒரு மீனையும் இழந்ததில்லை. ஆனால் நான் வாங்கும் கடை வீட்டிலிருந்து இருபது நிமிடம்தான், ஒன்பது மணி நேரம் வேறு கதை. இருந்தாலும், மூன்று நாள் ஆன பிறகு உப்பை மறுபடி ஆட்டத்தான் வேண்டுமா?

பாம்பன்_கரை
சின்னது மட்டும் என்றால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். பெரியதுக்கு 130 மூச்சு, பட்டினி வேறு. கொஞ்சம் இறக்கினால் கெடுதல் இல்லை. ராக் இடம் போகத் தொட்டியில் 100 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 16 லிட்டர் எடுத்துவிட்டு, 27 டிகிரிக்குக் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரை நாள் முழுக்க மெதுவாக ஊற்றினால் 1.021-க்கு வரும். வேவ்மேக்கரை மேல் நோக்கித் திருப்புங்கள், தண்ணீர் மேற்பரப்பு கலங்க வேண்டும். பெல்லட்டை நிறுத்திவிட்டு உறைந்த ஆர்ட்டிமியா (குட்டி இறால் மாதிரி தீனி) கொடுத்துப் பாருங்கள். மிஞ்சினதை உடனே எடுத்துவிடுங்கள். இடையில் சளி தெரிந்தால் அந்த நிமிடமே இங்கே போடுங்கள்.

திருச்சி_தொட்டி
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடியே செய்தேன். மறுநாள் பெரியது 110, இன்று காலை 84. சின்னது முதல் நாளே ஆர்ட்டிமியா சாப்பிட்டது. பெரியது நேற்றுத்தான் வாயைத் திறந்தது. இன்று டப்பாவை எடுக்கும் சத்தத்துக்கே கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. உப்பை எப்படி மறுபடி ஏற்றுவது?

பாம்பன்_கரை
ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்.ஓ.வுக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் விடுங்கள். தானாக ஏறும். ஒரு நாளைக்கு 0.001-க்கு மேல் வேண்டாம். 1.025 வந்ததும் பழையபடி ஆர்.ஓ.

திருச்சி_தொட்டி
நன்றி அண்ணா. சின்னது இன்னும் தினமும் நாலு தடவை உதறுகிறது. இப்போது வீட்டம்மா "பாவம், அதுவும் எத்தனை தடவைதான் சரி சரின்னு சொல்லும்" என்கிறாள். ராத்திரி இரண்டும் ஹீட்டர் பக்கம்தான் படுக்கின்றன. சூடு படாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு வாங்கி மாட்டிவிட்டேன். இப்போது கூண்டு மேல் படுக்கின்றன.