தஞ்சை, ஸ்ரீரங்கம் பழைய பட அஞ்சலட்டைகள்: அசலா, மறுஅச்சா?

குடமுருட்டி:
வணக்கம். பழைய பேப்பர் கடைக்கு வந்த ஒரு ஆல்பத்தில் 11 அட்டைகள். பெரிய கோயில் 5, தஞ்சை அரண்மனை 2, கும்பகோணம் கல்லூரி, தரங்கம்பாடி கோட்டை, காரைக்கால், ஸ்ரீரங்கம் தெற்குக் கோபுரம் தலா ஒன்று. எதிலும் வருடம் இல்லை, இரண்டில் மட்டும் தபால்தலை இருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? நாலு அட்டை கறுப்புத் தாளோடு ஒட்டிக் கிடக்கிறது, அதை என்ன செய்யலாம்?

வெண்ணாறு:
10 மடங்கு லென்ஸில் வானத்தைப் பாருங்கள், கோபுரத்தை அல்ல. புள்ளியே இல்லாமல் சுருங்கிய தோல் மாதிரி நுண்ணிய நெளிவு தெரிந்தால் கொலோடைப், பழைய அச்சு முறை. கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தாலும் பழையதாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்போல வட்டமாகக் கூடியிருந்தால்தான் சந்தேகம். அது பிற்கால ஆஃப்செட் அச்சு.

அடுத்து, இருட்டறையில் புறஊதா டார்ச். சலவை வேட்டி போல நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், தாள் 1950-க்குப் பிற்பட்டது. பழைய தாள் மங்கலாகவே நிற்கும். அளவும் பாருங்கள், சுமார் 14 × 9 செ.மீ.

வண்ணத்தை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஊரையே பார்க்காதவர்கள் சாயம் போட்டிருப்பார்கள். ஒரே படம் ஒன்றில் மஞ்சள் வானம், இன்னொன்றில் ரோஸ் வானம் என்று வரும்.

அரசலாறு:
பின்பக்கம்தான் அதிகம் பேசும். முகவரிக்கு மட்டும் இடம், சேதியைப் படத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தால் பழைய ரகம். நடுக்கோடு போட்டுச் சேதிக்கும் இடம் விடும் வழக்கம் பிரிட்டனில் 1902-லும் பிரான்ஸில் 1904-லும் வந்தது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் அந்த அட்டையில் பிரெஞ்சு வாசகம் இருக்கிறதா பாருங்கள்.

தபால்தலையில் ஏழாம் எட்வர்ட் என்றால் 1902-க்குப் பின். உள்நாட்டு அஞ்சலட்டைக்குக் கால் அணா. 1922-ல் அரை அணாவானது. ஆனால் தபால்தலை காட்டுவது அனுப்பிய காலம்தான். ஒரே நெகட்டிவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். தலையை உரித்தால் தேதியும் போச்சு, மதிப்பும் போச்சு.

ஸ்ரீரங்கம் அட்டையில் கோபுரமே கடிகாரம். தெற்கு ராஜகோபுரம் 1987-ல்தான் முழுமையானது. அதற்கு முந்தைய படத்தில் மொட்டைக் கோபுரம்தான் இருக்க வேண்டும். கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது எப்போதுமே முழுசு.

பெரிய கோயில் அட்டை மலிந்து கிடக்கும். கல்லூரி, ரயில் நிலையம், கச்சேரி (அரசு அலுவலக) கட்டடம் இவைதான் அபூர்வம்.

கொள்ளிடம்:
ஒட்டியதை நகத்தால் நெம்பக் கூடாது, தண்ணீரில் போடவும் கூடாது. புகைப்படத்தாள் அட்டை என்றால் ஜெலட்டின் உப்பிவிடும். கறுப்புத் தாளை அட்டையைச் சுற்றி வெட்டி எடுத்து அப்படியே வையுங்கள். முகம் பத்திரமாக இருந்தால் போதும்.

உறை பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பிவிசி வாடை அடிப்பதைத் தொடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுக்கும். லேமினேஷன், செலோடேப் இரண்டும் கொலை. குறிப்பு எழுத உறையின் மேல் சீட்டு ஒட்டுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஓதம் ஏறும். மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் போட்டு, பச்சையானதும் காய வைத்து மறுபடி போடுங்கள்.

குடமுருட்டி:
நன்றி. ஸ்ரீரங்கம் அட்டையில் கோபுரம் மொட்டைதான். ஆனால் டார்ச் அடித்தால் வேட்டி மாதிரி ஒளிர்கிறது!

அரசலாறு:
அப்படியென்றால் படம் 1987-க்கு முந்தையது, தாள் 1950-க்குப் பிந்தையது. பின்பக்கம் பின்கோடுக்கு ஆறு கட்டம் இருக்கிறதா? இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சடித்தது.