செஸ்ஸில் முதல் மூவ் பி3 வைத்தால் எதிரில் என்ன நடக்கிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெள்ளை கிடைத்தால் நான் ஈ4-ம் ஆடுவதில்லை, டி4-ம் ஆடுவதில்லை. பி3 தான், அதாவது பி வரிசைச் சிப்பாயை மூன்றாவது கட்டத்துக்குத் தள்ளுவேன். அடுத்த மூவில் பிஷப் பி2-க்கு வந்து ஜி7 வரை நீளும் மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். டென்மார்க்கின் பென்ட் லார்சன் விரும்பி ஆடிய ஓப்பனிங் இது.

ஒரு ரேட்டிங் போட்டியில் எனக்கு எதிரே பள்ளிக்கூடப் பையன் ஒருவன். முந்தைய ரவுண்டில் அவன் சிசிலியன் என்ற பிரபலமான ஓப்பனிங் ஆடியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். பதினைந்து மூவ் வரை யோசிக்கவே இல்லை, எல்லாம் மனப்பாடம். என் பி3-ஐப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் ஈ5, நான் பிஷப் பி2, அவன் குதிரை சி6, நான் ஈ3, டி5, பிஷப் பி5, பிஷப் டி6. அப்போது எஃப்4 தள்ளினேன். இந்த ஓப்பனிங்கின் உயிரே அந்த மூவ்தான். சி6 குதிரை ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது. சிப்பாயால் எஃப்4-ஐ வெட்டினால் மூலைவிட்டம் திறந்து ஜி7 சிப்பாய்க்கும் அதன் பின்னால் இருக்கும் யானைக்கும் ஆபத்து. பையன் வெகுநேரம் யோசித்தான். பிறகு ராணியை எச்4-ல் வைத்துச் செக் கொடுத்து, நான் ஜி3 வைத்ததும் ஈ7-க்குத் திரும்பினான். ஓப்பனிங் புத்தகங்களில் இருக்கும் பதில் அது. அவனோ பலகையைப் பார்த்தே கண்டுபிடித்தான். ஆட்டம் டிரா. நாலாவது மூவிலிருந்தே இரண்டு பேரும் சொந்த மூளையில் ஆடினோம். நான் பி3 ஆடுவது அதற்காகத்தான்.

இது பாதுகாப்பான ஆட்டம் என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம். 1970-ல் பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதின. உலக அணியின் முதல் ஆட்டக்காரர் இடத்தை அமெரிக்காவின் ஃபிஷர் விட்டுக்கொடுக்க, அந்த முதல் பலகையில் லார்சன் பி3 ஆடி, அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கியிடம் 17 மூவில் தோற்றார். பி3-ஐ நான் குறை சொல்ல மாட்டேன். லார்சன் சி4 தள்ளி, பிறகு குதிரையை எஃப்3-ல் வைத்ததும் கருப்பின் ஈ4 அதை விரட்டியது. மூவ்கள் அங்கேதான் வீணாயின. 14-வது மூவில் ஸ்பாஸ்கி யானையை எச்1-ல் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பலகையில் காய் வைத்துப் பாருங்கள்.

பதில்:

தம்பி, நான் முதல் மூவே எஃப்4 வைக்கிற ஆள். அதன் பெயர் பேர்ட் ஓப்பனிங். 1889-ல் ஆம்ஸ்டர்டாமில் லாஸ்கர், பவர் என்ற ஆட்டக்காரருக்கு எதிராக இரண்டு பிஷப்பையும் பலி கொடுத்து ஜெயித்த ஆட்டம் இதிலிருந்துதான் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் நான் இதற்குள் வந்தேன்.

புதிதாக ஆடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். எஃப்4-க்கு ஈ5 என்று சிப்பாயைக் கொடுப்பார்கள். எங்கள் கிளப்பில் ஒருவர் கருப்பில் எப்போதும் இதையேதான் ஆடுவார். நீங்கள் ஈ5-ஐ எடுத்து, அடுத்து அவர் தள்ளும் டி6 சிப்பாயையும் எடுத்து, அவர் பிஷப்பால் திரும்ப எடுத்ததும் குதிரையை சி3-ல் வைத்தால் கதை முடிந்தது. ராணி எச்4 செக், நீங்கள் ஜி3, ராணி ஜி3-ஐ வெட்டிச் செக், நீங்கள் எச் சிப்பாயால் ராணியை எடுக்க, பிஷப் ஜி3-ல் மேட். குதிரையை எஃப்3-ல்தான் வைக்க வேண்டும். அதற்கும் ஜி5 தள்ளிக்கொண்டு வருவார், பயப்படத் தேவையில்லை. இந்த வம்பே வேண்டாமென்றால் இரண்டாவது மூவில் ஈ4 தள்ளுங்கள், நீங்கள் எஃப் சிப்பாயைக் கொடுக்கும் கிங்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங் ஆகிவிடும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அவருக்கு அது பிடிப்பதில்லை.

பதில்:

நான் கருப்பில் சந்தித்ததைச் சொல்கிறேன். குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டத்தில் ஒரு அக்கா முதல் மூவே ஜி4 வைத்தார். டி5 ஆடினேன், அவர் பிஷப்பை ஜி2-ல் வைத்தார். ஜி4 சிப்பாய் சும்மா நின்றது, பிஷப்பால் எடுத்தேன். அவர் சி4. அதையும் எடுத்தால் ஜி2 பிஷப் பி7-ஐ வெட்டி ஏ8 யானைக்குப் போய்விடும். சி8 பிஷப் ஜி4-க்குப் போய்விட்டதால் பி7-க்குக் காவல் இல்லை. சி6 வைத்து டி5-ஐத் தாங்கினேன், ஆட்டம் என் கைக்கு வந்தது.

பி3-யும் ஜி4-யும் ஒன்றில்லை என்பது என் கருத்து. ஜி4 ராஜா பக்கத்தையே பலவீனமாக்குகிறது. ஆனாலும் விசித்திரமான மூவ் என்று யாரையும் இளப்பமாகப் பார்க்க மாட்டேன். 1980-ல் ஸ்வீடனின் ஸ்காராவில் அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவின் ஈ4-க்கு இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 வைத்து, அடுத்து பி5 தள்ளி, அவரை ஜெயித்தே விட்டார்.

பி3 அண்ணனிடம் ஒரு கேள்வி. ஈ5 ஆடாமல் டி5, சி5 என்று வந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்:

பெல்கிரேடு போட்டி நடந்த அதே 1970-ல் ஸ்பெயினின் பால்மாவில் ஃபிஷர் பி3 ஆடி, பிரேசிலின் மெக்கிங்குக்கு எதிராகச் செய்ததைத்தான் செய்வேன். குதிரை எஃப்3, ஈ3, பிஷப் பி5. கருப்பின் சி6 குதிரையை அந்த பிஷப்பால் வாங்கிவிட்டு, என் குதிரையை ஈ5-ல் நிறுத்துவேன். அதை விரட்ட எஃப்6 தள்ளினால் ஈ6 பலவீனமாகிவிடும். அங்கேயே அழுத்துவேன்.