அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நல்ல நகைச்சுவைத் தொடர் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். சாயங்காலம் டிவியைப் போட்டால் எந்த சேனலிலும் அழுகை, சூழ்ச்சி. சத்தத்தை நிறுத்திவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். மனசு கேட்கவில்லை.

போன வாரம் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யைப் போட்டுக் காட்டினேன். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்குமே ரமணி என்று பெயர். அப்பா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. இப்போது எல்லா பகுதியும் தீர்ந்துபோனது.

மிமிக்ரி, மேடைக் காமெடி எல்லாம் நிறையவே வருகிறது. அப்பா கேட்பது அது இல்லை. ஒரே வீடு, அதே நாலு பேர், அவர்கள் குணத்திலிருந்தே வரும் சிரிப்பு. தினமும் ஒரு பகுதி எடுத்தாக வேண்டிய அவசரத்தில் அப்படி எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன். வாரத் தொடர்கள் போனதோடு இதுவும் போய்விட்டது.

பம்பாயில் வேலை பார்த்தவர் என்பதால் இந்தி தெரியும். 1984-ல் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி', 2004-ல் வந்த 'சாராபாய் வர்சஸ் சாராபாய்' இரண்டும் பார்த்தாயிற்று. கிரேஸி மோகன் நாடகங்கள் வசனத்தோடு மனப்பாடம்.

தமிழோ இந்தியோ, அரை மணி நேரத் தொடர் வேறு ஏதாவது இருக்கிறதா? இரட்டை அர்த்தம், உருவ கேலி வேண்டாம். சப்டைட்டில் எழுத்து அவர் கண்ணுக்கு எட்டாது. பழைய சென்னைத் தொலைக்காட்சித் தொடர்கள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், யாரிடமாவது வீட்டில் பதிவு செய்த கேசட் இருந்தால் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.