எதிரும் புதிருமாய் வாழ்ந்த அம்மா அப்பா: மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வு (வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த மூவர் புனைபெயரில் எழுதிய உரையாடல்)

கடைக்குட்டி:
எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் எப்போதும் கூடுதல் நேரம்தான் காட்டும். அப்பா வேண்டுமென்றே அப்படி வைத்தது. எங்கே போவதானாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பவர் அவர். அம்மா கிளம்புகிற நேரத்தில்தான் சீப்பைத் தேடுவாள். 47 வருடம் இதே சண்டை. கடிகார விஷயம் அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. மணியைப் பார்த்து மனதுக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகவே கிளம்புவாள். அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் மாற்றவில்லை.

அம்மா போய் இரண்டு மாதம் இருக்கும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றிருந்தது. நான் புதுசு போட்டு, செல்போனைப் பார்த்துச் சரியான நேரம் வைத்தேன். சாயங்காலம் அப்பா அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "முன்னாடி எத்தனை நிமிஷம் கூட இருந்தது?" என்று கேட்டார். "நீங்கதானே வச்சீங்க அப்பா" என்றேன். "வச்சது நான்தான். கணக்கு அவகிட்டதான் இருந்தது" என்றார். முள்ளைத் திருப்பும் திருகின் மேல் விரல் அப்படியே நின்றது. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூத்தவள்:
படித்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குணம் வேறாக இருப்பதை இங்கே எல்லோரும் அழகாகவே சொல்கிறார்கள். எங்கள் அப்பா யார் கேட்டாலும் கொடுப்பவர், அம்மா சேர்ப்பவள். தையல் மெஷின் வாங்க இரண்டு வருடம் சேர்த்த பணத்தை அப்பா ஒரு நண்பருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. காலிப் பெட்டிக்குள் விரித்திருந்த துணியை எடுத்து உதறி, மடித்து, திரும்ப உள்ளே வைத்தாள். கதவோரம் நின்று பார்த்தேன், எனக்குப் பத்து வயது. ஊர் அவர்களை நல்ல ஜோடி என்றுதான் சொன்னது. யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்காமல் அப்படிச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

நடுப்பிள்ளை:
மூத்தவள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. எங்கள் அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது அவளுடைய பிரார்த்தனைப் புத்தகத்தை தினமும் அவர்தான் உரக்கப் படித்தார். அம்மா கண்ணை மூடியபடியே உச்சரிப்பைத் திருத்துவாள், அவர் அந்த வரியை மறுபடி படிப்பார். அவரும் மாறவில்லை, அவளும் மாறவில்லை. தம்பதிகளின் சச்சரவுகளில் சுமார் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். தீராததெல்லாம் தோல்வி இல்லை.

கடைக்குட்டி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்பாவைத் தனியாக விடாதீர்கள். பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு வழக்கத்தைவிட 40 சதவீதம் அதிகம். இதய நோயால் போனவர்களே நிறைய. அதனால் பிரஷர், சுகர் மாத்திரையை அவர் எடுக்கிறாரா என்று நீங்களே பாருங்கள். இத்தனை நாள் அதையும் அம்மாதான் ஞாபகப்படுத்தியிருப்பார். சாப்பாட்டு நேரம் தவறவிடாதீர்கள். அப்புறம், அம்மாவைப் பற்றிப் பேச்சை மாற்றாதீர்கள். சண்டைகளைப் பற்றியே கேளுங்கள். எங்கள் அப்பா அதைத்தான் விரும்பிப் பேசினார்.

கடைக்குட்டி:
அப்பா என்னோடுதான் இருக்கிறார். மாத்திரையை இனி நானே எடுத்துக் கொடுக்கிறேன். மூத்தவள் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்த வீட்டில் அம்மா எதை விட்டுக்கொடுத்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது.

கடிகாரத்தை இப்போதைக்கு 12 நிமிடம் கூட்டி வைத்திருக்கிறோம். அப்பா போதாது என்கிறார்.