பாலு மகேந்திரா பற்றி: போன மாதப் பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

போன மாதம் கொஞ்சம் காட்டமாக எழுதியிருந்தேன்: பாலு மகேந்திரா நல்ல ஒளிப்பதிவாளர், ஆனால் இயக்குநராக அவருக்குக் கிடைத்த பெயர் கூடுதல், மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர் என்பதால்தான் மட்டக்களப்பார் நாம் தலையில் வைத்து ஆடுகிறோம் என்று. வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

சரி, பாதியை மாற்றிக்கொள்கிறேன்.

காரணம் அவர் இயக்கிய ‘வீடு’ (1988). சின்ன வயதில் அலுத்துப்போய் இடையில் எழுந்த படம். இந்த முறை மாமாவோடு முழுதாகப் பார்த்தேன். மாமா முப்பது வருடம் மேசன் வேலை செய்தவர். சீமெந்து மூட்டையில் கைவைக்கும் கொந்தராத்துக்காரன் வந்ததும், “இவனை எனக்குத் தெரியும் மகன்” என்றார். அரைகுறையாக நிற்கும் வீட்டைத் தாத்தா தனியே வந்து பார்க்கிறாரே, தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் அந்த இடம்! மாமா எதுவும் பேசவில்லை. நானும்தான். வெறும் ஒளிப்பதிவாளருக்கு அது வராது.

ஒரு பிழை திருத்தம்: ‘மூன்றாம் பிறை’க்கு அவர் வாங்கிய தேசிய விருது இயக்கத்துக்கு அல்ல, ஒளிப்பதிவுக்கு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. (என் வாதத்துக்கு அது சாதகம் என்பது வேறு கதை.)

மற்றப் பாதி அப்படியே நிற்கிறது. அவருடைய ‘மூடுபனி’யைப் பார்க்கும்போது ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வும், ‘ஜூலி கணபதி’யைப் பார்க்கும்போது ‘மிசரி’ என்ற ஆங்கிலப் படமும் குறுக்கே வந்து நிற்கின்றன. அதை ஊர்ப்பாசத்தால் மறைக்க முடியாது.

அடுத்தது ‘சந்தியா ராகம்’. மாமாதான் கேட்டார்.