புதுப்பிப்பு: இளவரசி உடையில் மகளை ரெனசான்ஸ் விழாவுக்குக் கூட்டிப் போய் வந்தோம்

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, டாட் மிஷன் என்ற ஊரில் நடக்கும் டெக்சஸ் ரெனசான்ஸ் விழாவுக்கு (பழைய கால ஐரோப்பிய உடைகளில் வந்து கொண்டாடும் விழா) நான்கு வயது மகளை வெல்வெட் கவுனில் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பருத்தியே போதும் என்று பலரும் சொன்னீர்கள். கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அக்டோபரிலும் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பச்சைப் பருத்திக் கவுனைக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்தேன். காலில் பழகிய ஷூ. அப்படியும் மதியத்துக்குள் கவுன் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குப் புழுதி. தலையில் வைத்த பூவளையம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ரப்பர் நாடா தாடையில் உறுத்தியது.

குதிரை மேல் ஈட்டிச் சண்டைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தது என் தவறு. ஈட்டி முறிந்த சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். சரி என்று கடைசி வரிசைக்குப் போனோம். அங்கிருந்து முழுவதையும் கைதட்டிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலிலேயே பின்னால் உட்காருங்கள்.

அப்புறம், இரும்பு வளையச் சட்டை போட்ட வீரர் ஒருவர் அவள் முன் மண்டியிட்டு வணங்கினார். அவள் பேசவே இல்லை. அந்தச் சட்டையின் வளையங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பதினொன்று வரை எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரை அவர் அசையாமல் இருந்தார். அவருக்கு என் நன்றி.

கவுனைத் துவைத்துவிட்டேன். நேற்று அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.